மைதானத்துக்குக் கதவு போட்டது யார்?

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் சென்ற வாரம் ஒரு சுவரொட்டி பார்த்தோம். கபடிப் போட்டியாம். ரொக்கப் பரிசு உண்டு, சுழற்கோப்பை உண்டு. நடுவே கொட்டை எழுத்தில் ஒரு வரி: "நமது சமூகத்தைச் சேர்ந்த அணிகள் மட்டும்." கீழே தலைவர், செயலாளர், பொருளாளர் என்று வரிசையாகப் படங்கள். எல்லோர் தோளிலும் சரிகைத் துண்டு. அந்தச் சரிகையை நெய்தவன் படம் மட்டும் அதில் இல்லை.

சுவரொட்டிக்கு என்ன பஞ்சம், தினம் ஒன்று ஒட்டுகிறார்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் மறுநாள் மாலை நம் சங்க ஆபீசுக்கு ஏழு வாலிபர்கள் வந்தார்கள். அவர்கள் ஒரே கபடிக் குழு. நான்கு பேர் பட்டுத் தறியில் உட்காருகிறவர்கள். ஒருவர் மில் தொழிலாளி. மற்ற இருவரும் பாலாற்றுப் பக்கத்துக் காலனியிலிருந்து வருகிற விவசாயத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். பாடிப் போவதில் அந்த இருவருக்கும் ஈடு இந்த வட்டாரத்தில் இல்லை. மூன்று வருஷமாக இந்தக் குழு சேர்ந்தே ஆடுகிறது. சேர்ந்தே ஜெயிக்கிறது, சேர்ந்தே தோற்கிறது.

இப்போது அந்தப் போட்டியில் சேர வேண்டுமானால் மூன்று பேரைக் கழற்றிவிட்டு, "நம்மவர்" மூன்று பேரைச் சேர்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் பெயர் கொடுத்தாக வேண்டும்.

நெசவாள வாலிபர் ஒருவர் கேட்டார்: "ஏன் தோழர், யூதர்கள் தங்களுக்குன்னு தனியா ஒலிம்பிக் மாதிரி ஒண்ணு நடத்துறாங்களே! நம்ம நாட்டு யூதர்கள்கூட அதுக்குப் போயிட்டு வர்றாங்களாம். அதை உலகத்துல யாரும் சாதிப் போட்டின்னு திட்டறதில்லை. நாங்க ஒரு நாள் கபடி ஆடினா மட்டும் குத்தமா?"

காலனிப் பிள்ளைகள் இருவரும் வாசற்படியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி நேர்மையான கேள்வி. "அதெல்லாம் பேசாதே" என்று வாயை அடைப்பது நம் வழக்கமல்ல. யூதர்களின் அந்தப் போட்டி என்ன, ஏன் வந்தது, பிறகு எங்கே போய் நின்றது என்பதைச் சொல்லுகிறோம். தீர்ப்பைத் தோழர்களே சொல்லட்டும்.

அந்தப் போட்டிக்குப் பெயர் மக்காபியா. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்நிய அரசனை எதிர்த்துப் போராடிய மக்கபேயர் என்ற யூத வீரர்களின் பெயர் அது. நான்கு ஆண்டுக்கு ஒரு முறை இஸ்ரேலில் நடக்கிறது. ஓட்டம், நீச்சல், கால்பந்து, கிரிக்கெட் எல்லாம் உண்டு. 2022-ஆம் ஆண்டுப் போட்டிக்குப் பல நாடுகளிலிருந்தும் சுமார் 10,000 பேர் வந்தார்கள். 1972 ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற அமெரிக்க நீச்சல் வீரர் மார்க் ஸ்பிட்ஸ், 1965-இல் பதினைந்து வயதுப் பையனாக மக்காபியாவில் நீந்தியவர்தான்.

இவர்களுக்கு ஏன் தனி மைதானம் தேவைப்பட்டது? மற்ற மைதானங்களின் கதவு இவர்கள் முகத்தில் அடைக்கப்பட்டது, அதனால்தான்!

1895-ஆம் ஆண்டு. கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தில் ஜெர்மன்காரர்கள் ஒரு தேகப்பயிற்சிக் கழகம் வைத்திருந்தார்கள். அங்கே பிழைக்கப் போயிருந்த ஜெர்மன், ஆஸ்திரிய நாட்டு யூதர்களுக்கு அதில் இடமில்லை. ஒரே தேசம், ஒரே பாஷை. ஆனாலும் பிறப்பைச் சொல்லி வெளியே நிறுத்தினார்கள். அவர்கள் தங்களுக்கென ஒரு கழகம் தொடங்கினார்கள். யூதர்களின் முதல் விளையாட்டுக் கழகம் என்று அதைத்தான் சொல்லுகிறார்கள். ஆஸ்திரியாவின் தலைநகரான வியன்னாவிலும் பல கழகங்கள் யூதர்களைச் சேர்ப்பதில்லை என்று விதியே எழுதி வைத்திருந்தன. 1909-இல் அங்கே "ஹகோவா" என்ற யூதர் கழகம் பிறந்தது. அதன் கால்பந்துக் குழு 1923-இல் லண்டனுக்கே போய் வெஸ்ட்ஹாம் குழுவை ஐந்துக்கு பூஜ்யம் என்று தோற்கடித்தது. 1925-இல் ஆஸ்திரியாவின் சாம்பியன் ஆனது. வெளியே தள்ளப்பட்டவர்கள் உள்ளே இருந்தவர்களை ஜெயித்தார்கள்!

முதல் மக்காபியா 1932 மார்ச்சில் டெல் அவீவ் நகரத்தில் நடந்தது. பாலஸ்தீனம் அப்போது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. நகரத்தின் மேயர் வெள்ளைக் குதிரையில் ஏறி ஊர்வலத்துக்கு முன்னே போனாராம்; "வெள்ளைக் குதிரை ஒலிம்பிக்" என்று அதற்குப் பெயரே உண்டு. 1935-இல் இரண்டாவது போட்டி. அதற்குள் ஜெர்மனியில் ஹிட்லர் வந்துவிட்டான். போட்டிக்கு வந்தவர்களில் பலர் ஊர் திரும்பவில்லை. கோப்பைக்காக வந்தவர்கள் உயிருக்காகத் தங்கிவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. கிரெட்டல் பெர்க்மான் என்ற ஜெர்மன் யூதப் பெண் 1936-இல் 1.60 மீட்டர் உயரம் தாண்டி ஜெர்மனியின் சாதனையைச் சமன் செய்தாள். பெர்லின் ஒலிம்பிக் தொடங்கச் சில வாரமே இருந்தபோது, தகுதி போதாது என்று சொல்லி அவளை நீக்கினார்கள். ஜூடித் டாய்ச் என்ற வியன்னா நீச்சல் வீராங்கனையும் அவளுடைய ஹகோவாத் தோழிகள் இருவரும் ஹிட்லரின் ஒலிம்பிக்குக்குப் போகமாட்டோம் என்று மறுத்தார்கள். அதற்காக அவர்களுடைய பட்டங்களைப் பறித்தார்கள். ஆல்பிரட் பிளாட்டோ, குஸ்தாவ் பிளாட்டோ இருவரும் 1896-ஆம் ஆண்டின் முதல் ஒலிம்பிக்கிலேயே ஜெர்மனிக்குப் பரிசு வாங்கிக் கொடுத்தவர்கள். ஜெர்மனி அவர்களுக்குக் கொடுத்த பரிசு என்ன? தெரசியன்ஸ்டாட் வதை முகாம்! இருவரும் அங்கேயே மாண்டார்கள்.

இதையெல்லாம் பார்த்த பிறகு, "யூதர்கள் ஏன் தனியாக விளையாடினார்கள்?" என்று கேட்க எவனுக்கு வாய் வரும்? வெளியே தள்ளப்பட்டவன் தனக்கென ஒரு திடல் அமைத்துக்கொண்டால் அது வகுப்புவாதம் அல்ல, அது சுயமரியாதை. இதை நாம் ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளுகிறோம்.

நம் நாட்டுக் கதை வேறு. யூதர்கள் இங்கே பல நூற்றாண்டுகளாக இருந்திருக்கிறார்கள். கொங்கணக் கடற்கரையில் எண்ணெய்ச் செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் "சனிக்கிழமைச் செக்கார்" என்றே ஊரார் அழைத்தார்கள். கொச்சியில் 1568-இல் கட்டிய அவர்களுடைய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. சென்னையில் பவளக்காரத் தெரு இருக்கிறதே, பவளமும் வைரமும் வியாபாரம் செய்த யூதர்களின் நினைவு அதில் இருக்கிறது. இங்கே யாரும் அவர்களை வேலி போட்டு அடைக்கவில்லை.

1977 ஜனவரி, பொங்கல் சமயம். சென்னை சேப்பாக்கத்தில் இங்கிலாந்துடன் டெஸ்ட் பந்தயம். இங்கிலாந்துப் பந்து வீச்சாளர் ஒருவரிடமிருந்து விழுந்த வாசலின் தடவிய துணியை நடுவர் கண்டெடுத்துப் புகார் எழுந்தது. பத்திரிகைகளெல்லாம் பெரிதாகப் பேசின. அந்த நடுவர் பம்பாய்ப் போலீஸ்காரரான ஜூடா ரூபன். அவர் ஒரு யூதர். சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜனங்கள் அவர் பிறப்பையா பார்த்தார்கள்? அவர் கையை உயர்த்துகிறாரா இல்லையா என்றுதான் பார்த்தார்கள். திறந்த மைதானம் என்பது இதுதான்.

அப்படியானால் நம் நாட்டு மைதானங்களில் கதவே இல்லையா? இருந்தது. அந்தக் கதவு வேறு ஆளுக்காகப் போடப்பட்டது.

பம்பாயில் வெள்ளைக்காரன் காலத்தில் கிரிக்கெட் போட்டி மதவாரியாக நடந்தது. ஐரோப்பியர், பார்சி, இந்து, முஸ்லிம் என்று தனித்தனிக் குழு. 1937-இல் "மற்றவர்கள்" என்று ஐந்தாவது குழு வந்தது. கிறிஸ்தவர், யூதர் எல்லோரையும் அதில் போட்டார்கள். காந்தியடிகள் 1940-இல் இதைக் கண்டித்தார். 1946-உடன் அது ஒழிந்தது.

அந்த "இந்து" குழுவில் பல்வங்கர் பாலு என்று ஒரு பந்து வீச்சாளர் இருந்தார். தோல் வேலை செய்யும் தாழ்த்தப்பட்ட குடும்பத்தவர். பூனாவில் வெள்ளைக்காரர் கழகத்தில் மாதம் நான்கு ரூபாய்க்கு மைதானம் பெருக்கி, உருளை இழுத்து, வெள்ளைக்காரனுக்குப் பந்து போட்டே கற்றுக்கொண்டவர். ஜெயிக்க வேண்டும் என்றபோது அவரை "இந்து" என்று கூப்பிட்டார்கள். தேநீர் வேளை வந்தபோது? பூனாவில் மற்றவர்களெல்லாம் உள்ளே பீங்கான் கோப்பையில் குடிக்க, பாலுவுக்கு வெளியே மண் குவளையில் கொடுத்தார்கள். 1911-இல் இங்கிலாந்துக்குப் போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்து வந்தார். ஆனாலும் அவரைக் கடைசிவரை தலைவராக்கவில்லை. வருஷக்கணக்கான வழக்குக்குப் பிறகு 1923-இல்தான் அவர் தம்பி விட்டல் தலைவரானார்.

"நம்மவர் குழு" என்று சொல்லுகிறவர்களின் லட்சணத்தைப் பார்த்தீர்களா? "நம்மவர்" என்ற வட்டத்துக்குள்ளேயே இன்னொரு வேலி!

இனி மறுபடியும் மக்காபியாவுக்கு வருவோம். கதையின் பின்பாதியையும் சொல்ல வேண்டும்.

1948-இல் இஸ்ரேல் அரசு ஏற்பட்டது. அந்த யுத்தத்தில் ஏறத்தாழ 7 லட்சம் பாலஸ்தீன அரபு மக்கள் வீடு, வாசல், நிலம் இழந்து அகதிகள் ஆனார்கள். 1950-இல் மூன்றாவது மக்காபியா நடந்தது. ஒரு காலத்தில் அடைத்த கதவுக்கு வெளியே நின்றவர்கள் போட்ட திடல், இப்போது ஓர் அரசாங்கத்தின் திருவிழா ஆயிற்று. உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் ஒரு யூத வாலிபர் அங்கே போய் ஓடலாம். இஸ்ரேலியக் குடியுரிமை உள்ள அரபு வீரர்களும் ஆடலாம் என்று விதி இருக்கிறது. அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அதே மண்ணில் பாட்டன் உழுத நிலத்தின் பெயரை மட்டும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு லெபனானிலும் ஜோர்டானிலும் முகாமில் பிறந்து வளர்கிற பிள்ளை ஆட முடியுமா? விளையாடுவது இருக்கட்டும், ஊருக்குள் வர முடியுமா?

2025 ஜூலையில் நடக்க வேண்டிய மக்காபியா, ஈரானோடு மூண்ட யுத்தத்தால் தள்ளிவைக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், "பாலஸ்தீனத்தின் பெலே" என்று பெயர் பெற்ற கால்பந்து வீரர் சுலைமான் அல் ஒபெய்த், காஸாவில் உதவிப் பொருளுக்காகக் காத்திருந்தபோது இஸ்ரேலியத் தாக்குதலில் இறந்தார் என்று பாலஸ்தீனக் கால்பந்து சங்கம் அறிவித்தது. நாட்டுக்காகப் பந்து உதைத்தவர், உணவுக்காக நின்ற இடத்தில் செத்தார்!

தராசை ஒரு பக்கம் சாய்க்க நாம் விரும்பவில்லை. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் பாலஸ்தீனப் பயங்கரவாதிகள் இஸ்ரேல் குழுவைச் சேர்ந்த பதினொரு பேரைக் கொன்றார்கள். 2023 அக்டோபர் 7-இல் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டார்கள். விளையாட வந்தவனையும் வீட்டில் இருந்தவனையும் கொல்லுவது எந்த விடுதலைக்கும் வழியல்ல. நாம் கேட்பது ஒன்றே. கதவு அடைப்பதன் கொடுமையை உலகத்தில் யாரைவிடவும் நன்றாக அறிந்த ஒரு ஜனத்தின் பெயரால், இன்னொரு ஜனத்துக்குக் கதவு அடைக்கலாமா?

சரி, வெளியே நிற்பவன் கதை இருக்கட்டும். உள்ளே இருப்பவனுக்காவது "நம்மவர் போட்டி"யில் பாதுகாப்பு உண்டா? இதற்கும் மக்காபியாவிலேயே பதில் இருக்கிறது.

1997 ஜூலை 14. பதினைந்தாவது மக்காபியாவின் தொடக்க விழா. வீரர்கள் மைதானத்துக்குள் போவதற்காக யார்கோன் ஆற்றின் மேல் தற்காலிகப் பாலம் போட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியக் குழு நடந்து போகும்போது அது மளமளவென்று முறிந்தது. நான்கு பேர் இறந்தார்கள்; அறுபதுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். பாலம் விழுந்து மட்டும் சாகவில்லை. அந்த ஆற்றின் நச்சுத் தண்ணீர் உடம்புக்குள் போய்ப் பிறகு ஆஸ்பத்திரியில் செத்தவர்களும் உண்டு. விசாரித்தால், பாலத்தைக் கட்டிய விதமே ஒழுங்கில்லை. பொறியாளர், காண்டிராக்டர்கள், போட்டி நிர்வாகி என்று பலரை நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

மில் தொழிலாளிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காண்டிராக்ட் வேலை எப்படி நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். வீரர்களும் "நம்மவர்", விழா நடத்தியவரும் "நம்மவர்", காண்டிராக்டரும் "நம்மவர்". இரும்பிலும் மரத்திலும் மிச்சம் பிடிக்கும்போது "நம்மவர் பிள்ளைகள் நடக்கும் பாலமாயிற்றே" என்று எவன் கை நடுங்கியது? லாபத்துக்குச் சாதி ஏது, மதம் ஏது!

இப்போது நம் ஊர்ச் சுவரொட்டிக்கு வாருங்கள். கோப்பைக்குப் பணம் கொடுத்த பெரிய மனிதர்கள் யார்? பட்டுக் கடைக்காரரும் தறி முதலாளியும். அவர்கள் தறியில் உட்காருகிற நம் தோழருக்குக் கேட்கிறோம்: முதலாளி உங்கள் சாதி என்பதால் சேலைக்குப் பத்து ரூபாய் கூலி கூட வந்ததா? பாவு தீர்ந்து அடுத்த பாவு கொடுக்காமல் போட்டபோது, "நம்மவர் வீட்டில் அடுப்பு எரியவில்லையே" என்று யாராவது வந்து எட்டிப் பார்த்தார்களா? வாங்கிய முன்பணத்தைக் கணக்கில் கழிக்கும்போது சாதி பார்த்துக் குறைத்தார்களா? கூலி கேட்டால் நீங்கள் "கூலிக்காரன்". கபடி ஆடினால் மட்டும் "நம்மவர்". தேர்தல் வந்தால் "நம் சமூகம்". இந்த வித்தை புரியவில்லையா?

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஊர்த் திடலில் ஆடவிடாமல் துரத்தப்பட்ட காலனி இளைஞர்கள் தாங்களே ஒரு கட்டாந்தரையைச் சீர்செய்து, தாங்களே ஒரு குழு அமைத்தால், அதைச் சாதிப் போட்டி என்று நாம் சொல்லமாட்டோம். அது கான்ஸ்டாண்டிநோபிளில் வெளியே நின்றவன் செய்த காரியம். ஆனால் நிலமும் தறியும் கடையும் கையில் வைத்திருப்பவன் "எங்களவர் மட்டும்" என்று எழுதினால், அது அந்தக் கழகத்தின் கதவை அடைத்தவன் செய்த காரியம். இரண்டும் தனித் திடல்தான். ஒன்று அடைத்த கதவால் வந்தது. மற்றொன்று கதவை அடைக்க வந்தது. கேள்வி கேட்ட தோழருக்கு நம் பதில் இதுவே.

அப்படியானால் தொழிலாளிக்கு வேறு வழி உண்டா? உண்டு, உலகத் தொழிலாளிகள் காட்டிய வழி இருக்கிறது. 1925-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரத்தில் தொழிலாளர் ஒலிம்பிக் நடந்தது. தேசக் கொடிகள் இல்லை; எல்லோருக்கும் ஒரே செங்கொடி. "இனி யுத்தம் வேண்டாம்" என்பதே முழக்கம். 1931-இல் வியன்னாவில் மறுபடி பல்லாயிரம் தொழிலாளர் திரண்டார்கள். 1936-இல் ஹிட்லரின் ஒலிம்பிக்குக்கு எதிராக ஸ்பெயினின் பார்சிலோனாவில் மக்கள் ஒலிம்பிக் ஏற்பாடாயிற்று. 22 நாடுகளிலிருந்து சுமார் 6,000 பேர் வர இருந்தார்கள். ஹிட்லரிடமிருந்து தப்பிய யூத அகதிகளின் குழுவுக்கும் அங்கே இடம் இருந்தது. ஜூலை 19-இல் தொடக்கம் என்றிருந்தபோது பாசிஸ்ட் தளபதிகளின் கலகம் வெடித்தது. போட்டி நடக்கவில்லை. ஆனால் வந்திருந்த வீரர்களில் சிலர் ஊர் திரும்பாமல் ஸ்பெயின் மக்களோடு நின்று ஆயுதம் ஏந்தினார்கள். நடக்காத அந்தப் போட்டியின் மானம், ஹிட்லர் ஆடம்பரமாக நடத்திய போட்டிக்கு உண்டா?

நம் நெசவாளத் தோழர்களுக்கு ஸ்பெயினுக்குப் போக வேண்டியதில்லை. தறிக்குப் போனால் போதும். கோர்வைச் சேலை எப்படி நெய்கிறோம்? உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஒருவர் மட்டும் உட்கார்ந்தால் கோர்வை விழுமா? பக்கத்தில் துணைக்கு ஒருவர் உட்கார்ந்து கரைக்கு நாடா ஓட்டிக் கொடுத்தால்தான் உடலும் கரையும் பிணையும். கரையை அறுத்துப் போட்டுவிட்டு "இதுவும் காஞ்சிபுரம் பட்டுதான்" என்று எவனாவது விற்க முடியுமா?

வாலிபத் தோழர்களே! பரிசுப் பணம் சிறியதல்ல என்று நமக்குத் தெரியும். உங்களில் ஒருவர் வீட்டில் தாயார் ஆஸ்பத்திரியில் இருப்பதும் தெரியும். அதனால் "போகாதே" என்று கட்டளை போட நாம் வரவில்லை. ஒன்றை மட்டும் யோசியுங்கள். மூன்று பேரை விட்டுவிட்டு நீங்கள் கோப்பை வாங்கி வரலாம். அடுத்த மாதம் கூலி உயர்வு கேட்டு முதலாளி வாசலில் நிற்கும்போது, அந்த மூன்று பேர் உங்கள் பக்கத்தில் வந்து நிற்பார்களா? அவர்கள் வயல் கூலிக்குப் போராடும்போது எந்த முகத்தோடு நீங்கள் போய் நிற்பீர்கள்?

நம் பக்கத்திலும் ஒரு கடமை உண்டு. "சாதிப் போட்டி கூடாது" என்று எழுதிவிட்டுத் திடலைக் காலியாக விட்டால் அந்தச் சுவரொட்டிக்காரன்தான் நிரப்புவான். மே தினத்தன்று சங்கத்தின் சார்பில் கபடிப் போட்டி நடத்துவோம். கோப்பை சிறியதாக இருக்கலாம். கோடு போடச் சுண்ணாம்பு நாமே கொண்டுவருவோம். தறியிலிருந்தும் மில்லிலிருந்தும் வயலிலிருந்தும் வருகிற எந்தக் குழுவும் ஆடலாம். ஆஸ்பத்திரிச் செலவுக்குத் துண்டு ஏந்தி வசூல் செய்வதும் நம் வேலை. அதை இந்த வாரமே தொடங்குகிறோம்.

அன்று மாலை அவர்கள் எழுந்து போகும்போது, கேள்வி கேட்ட தோழர் வாசற்படியில் இருந்த இருவரையும் பார்த்து, "வாங்கடா, திடலுக்குப் போகலாம், இருட்டறதுக்குள்ள" என்றார். ஏழு பேரும் சேர்ந்துதான் போனார்கள். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே போவார்கள் என்று நம்புகிறோம்.